எங்கள் தோட்டத்து ஜாடை

மூன்றாவது முறையும் அதே முடிவுதான் வந்தது. முதல் தடவை என் கைதான் எங்கோ பிசகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த தடவை கருவியைத் திட்டினேன். இனித் திட்டுவதற்கு அண்ணன் மட்டும்தான் மிச்சம்.

மருந்துக் கம்பெனிகள் வாங்கும் வேர், விற்பவர் சொன்ன இடத்தில்தான் விளைந்ததா என்று டி.என்.ஏ. பார்த்துச் சொல்வது எங்கள் ஆய்வகத்தின் வேலை. பிள்ளைக்கு அப்பா ஜாடை இருப்பதுபோல, ஒரே மண்ணில் தலைமுறையாக வளர்ந்த செடிகளுக்கும் ஒரு ஜாடை உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொரு தோட்டத்து இலையையும் முன்பே வாங்கி உறைபெட்டியில் வைத்திருப்போம். எங்கள் தோட்டத்து இலையை அம்மாதான் தன் கையால் கிள்ளிக் கொடுத்தாள். அண்ணன் அனுப்பிய மூட்டையை வேறு ஆளிடம் தள்ளிவிட்டிருக்கலாம். நம் வீட்டு வேர் என்கிற பெருமையில் நானே எடுத்துக்கொண்டேன். இப்போது அந்த இலைக்கும் இந்த வேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதன் ஜாடை சாயக்கழிவு ஓடுகிற ஓடைக்கரைச் செடிகளோடுதான் பொருந்தியது. போய்ச் சேரப்போவதோ குழந்தைகளின் இருமல் மருந்தில்.

மாடிப்படிக்குப் போய் அவனைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணா பண்ணி வச்சிருக்கே?"

"போன மழையில எல்லாம் வேரோட அழுகிப் போச்சுடி. ஒண்ணுகூடத் தேறல."

"அப்போ தினமும் போன்ல அம்மாகிட்ட பூத்திருக்கு, துளிர்த்திருக்குன்னு அளந்தியே?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? அவ நட்டது. இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கோயேன்."

பாவி. போனைத் துண்டித்தேன். கோபத்திலா, இரக்கத்திலா, தெரியவில்லை. இருமுகிற பிள்ளைகள் யாரென்று எனக்குத் தெரியாது, அண்ணனைத் தெரியும். இருந்தும், பொருந்தவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி எந்தக் கம்பெனியும் அவன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது.

வீட்டுக்குப் போனால், அம்மா படுக்கையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்கண்ணன் இன்னைக்குப் போனே எடுக்கலடி. களை எடுக்கப் போயிருப்பான், இல்ல?"

"ஆமாம்மா."

"நம்ம செடியில ஒரு இலை கொண்டுவரச் சொல்லு. மோந்து பாக்கணும்போல இருக்கு."

தள்ளுபடியான தோட்டத்து இலையை எறிந்துவிட வேண்டும் என்பது ஆய்வகத்து வழக்கம். மறுநாள் காலை உறைபெட்டியைத் திறந்து அம்மா கிள்ளிக் கொடுத்த இலை இருந்த அந்தச் சின்ன உறையை எடுத்தேன். குப்பைக்கூடை காலடியிலேயே இருந்தது. என் உள்ளங்கைச் சூட்டில் பனி கரைந்து, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை தெரிந்தது.