வீட்டுக்கு அனுப்பும் பட்டன்

சலவைக் கடைக்குக் கணினி அமைப்பு செய்துகொடுத்தவருக்கு ஒரு கொள்கை இருந்தது: பயன்படுத்துகிறவர்களே வடிவமைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் திரையில் புதுப் பட்டன் வைக்கலாம். மற்ற எல்லோரும் சம்மதம் கொடுத்தால் அது வேலை செய்யும். குரங்கு கையில் பூமாலை என்றாள் அவர் மனைவி.

முதல் வாரமே இஸ்திரிக்காரர், கரண்ட் போனால் திட்டுவதற்கென்று ஒரு பட்டன் வைத்தார். கரண்டோடு திரையும் போய்விடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏகமனதாக நிறைவேறியது. கல்லாவில் இருக்கும் அக்கா, பிடிக்காத வாடிக்கையாளரின் சட்டையை 'யோசிக்கலாம்' என்ற பகுதிக்குத் தள்ளிவிட ஒரு பட்டன் வைத்தாள். அங்கே சட்டைகள் மலையாகக் குவிந்தன. வடிவமைப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் வந்து ரசித்தார். வீட்டில்தான் ஆள் தென்படுவதில்லை.

அன்று மகளுக்குப் பிறந்தநாள். "கேக் வெட்டறதுக்குள்ள வரலன்னா உங்களோட டூ" என்று கறாராகச் சொல்லியிருந்தாள். சாயங்காலம் மனைவி கடைக்கு போன் செய்தாள்.

"நாங்க சொன்னா எங்க கேக்குறாரு? நீங்களே ஒரு பட்டன் வச்சிடுங்கம்மா" என்று அக்கா அவளையும் அமைப்பில் சேர்த்துவிட்டாள்.

திரையில் 'வீட்டுக்கு அனுப்பு' வந்தது. அக்கா சம்மதித்தாள். இஸ்திரிக்காரரும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வந்து சம்மதித்தார். பாக்கி அவர் ஒருவர்தான்.

"சரிதான். ஆனா மூலையில இருந்தா யார் கண்ணுல படும்?" என்று வடிவமைப்பாளர் பட்டனை நடுவுக்கு நகர்த்தினார். நகர்த்தியதும் பழைய சம்மதமெல்லாம் ரத்து. மறுபடி அழுத்தினார்கள். இப்போது நிறம் அவர் கண்ணை உறுத்தியது.

"எந்திரிச்சு நடந்தாலே வீடு வந்துடும் சார்" என்றார் இஸ்திரிக்காரர்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. போகத்தான் ஆசை. கை மவுஸை விட்டால்தானே!

அப்போது திரையில் இன்னொரு பட்டன் முளைத்தது. வைத்தது மகள்; அம்மா அவளையும் அமைப்பில் சேர்த்துவிட்டிருந்தாள். 'அப்பா இல்லாமலே வெட்டலாம்.'

மனைவி உடனே சம்மதித்தாள். இஸ்திரிக்காரர் அவரைப் பார்க்காமல் அழுத்தினார். அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு அழுத்தினாள். பாக்கி அவர் ஒருவர்தான்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சரியான இடம். சரியான நிறம். எவ்வளவு தேடியும் அதில் அவருக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை.