மூன்றாவது குலுக்கல்

துருப்பிடித்த அந்தப் பழைய லாரி எடைமேடை மூன்றாவது முறையாக எதிரே வந்து நின்றபோது மெக்கானிக் ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினான். ஹாரன் அலறி அடங்கியது. என்னவென்று கேட்க அந்தப் பொட்டலில் ஒரு நாய்கூட இல்லை.

இரவு எட்டரைக்குக் கிளம்பினான். ஒன்றரை மணி நேர வழி. இப்போது பத்தே முக்கால். குஞ்சு பொரிப்பகத்தில் எட்டாயிரம் முட்டைகள் இயந்திரப் பெட்டிக்குள் இருபதாம் நாளில் இருக்கின்றன. விடிந்தால் குஞ்சு வெளியே வர வேண்டும். பெட்டியைச் சூடாக்கும் ஹீட்டர் காயில் கருகிவிட்டது, பெட்டி ஆறிக்கொண்டே வருகிறது, பதினொன்றரைக்கு மேல் தாங்காது என்று பொரிப்பகத்து அக்கா போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். புதுக் காயில் வண்டியில் பத்திரமாக இருந்தது. வழிதான் இல்லை.

இத்தனைக்கும் புது இடமா என்றால் அதுவும் இல்லை. ஐந்து வருடமாக மாதம் தவறாமல் வந்து போகிற இடம். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட அவன் இந்தச் சாலையைக் கண்ணால் பார்த்ததில்லை. வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கையில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிடுவான். ஓட்டுவது மனைவியின் தம்பி. பொரிப்பக வாசலில் மச்சினன் தட்டி எழுப்பினால், ஐயா இறங்கி நேரே பெட்டிக்குப் போவார்.

அந்த மச்சினன் இன்று கூட வரவில்லை. காரணம் இவன் வாய்தான். முந்தாநாள் வாடிக்கையாளர் ஒருவருக்கு முன்னால், மோட்டார் சத்தம் சரியில்லையே என்று மச்சினன் ஏதோ சொல்லப்போக, "வண்டி ஓட்டறவன் வண்டியப் பாரு. ஓட்டறதுக்கு யாரா இருந்தா என்ன?" என்று கேட்டுவிட்டான். மச்சினன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து மனைவி சுவரைப் பார்த்துத்தான் இவனிடம் பேசுகிறாள். இன்று கிளம்பும்போதும், தம்பியைக் கூப்பிடட்டுமா என்று சுவரிடம் கேட்டாள். எனக்கு வழி தெரியாதா என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தான்.

தெரிந்த லட்சணம் இதுதான். செல்போன் வரைபடம் அரை மணி நேரத்துக்கு முன்பே உறைந்துபோய், வண்டியை ஏதோ ஏரிக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்தது. எந்த இடது பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிப் புதர், ஒரே மாதிரி இருட்டு, கடைசியில் இதே எடைமேடை. எரிச்சலில் கண்ணில் நீர் முட்டியது. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை, கைக்கெட்டிய தூரத்தில் தன்னைத் தவிர ஆளே இல்லை.

இறங்கி எடைமேடைமேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தான். சிக்னல் ஒரு கோடு காட்டியது. அக்காவைக் கூப்பிட்டால் திட்டு விழும், வழி கிடைக்காது. அவள் வேறு ஊரிலிருந்து வேறு பாதையில் வருகிறவள். பல்லைக் கடித்துக்கொண்டு மச்சினனை அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தான்.

"எடைமேடையில நிக்கறேன்."

"அப்ப முன்னாடியே திரும்பிட்டீங்க மாமா. வந்த வழியே மெயின் ரோட்டுக்குப் போங்க. அங்கேருந்து அந்த இடது பக்கத்த விட்டுட்டு நேரா போகணும்."

"போயி? அடையாளம் சொல்லு மாப்ள, எல்லாம் ஒண்ணு போல இருக்கு."

"கண்ணால தேடாதீங்க. தூக்கத்துல உங்க தல கண்ணாடில இடிக்குமே, மூணு தடவ. அது மூணு சின்னப் பாலம். மூணாவது குலுக்கல் முடிஞ்சதும் இடது."

இவன் ஒவ்வொரு முறையும் அந்தப் பாலங்கள் வருவதற்கு முன்பே திரும்பியிருக்கிறான். வண்டியைக் கிளப்பி, மெயின் ரோட்டில் நேரே விட்டான். முதல் குலுக்கல். இரண்டாவது சற்றுப் பலமாக. மூன்றாவதில் தலை நிஜமாகவே பக்கக் கண்ணாடியில் இடித்தது. வலித்தது. அப்படியொரு நிம்மதியும் வந்தது. இடது பக்கம் திரும்பியதும் பொரிப்பகத்து விளக்கு தெரிந்தது.

பதினொன்று நாற்பது. அக்காவின் முகத்தைப் பார்க்கத் தயங்கியபடி உள்ளே போனான். பெட்டியைச் சுற்றிப் போர்வைகள் கட்டியிருந்தன, அடியில் வெந்நீர் பாட்டில்கள். உன் மனைவி சொல்லித் தெரிந்து, உன் மச்சினன்தான் ஒன்பதரைக்குப் போன் செய்து இதையெல்லாம் செய்யச் சொன்னான் என்றாள். மாமா தனியாக வருகிறார், எப்படியும் வழி தவறுவார் என்றும் சொன்னானாம். மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

அரை மணி நேரத்தில் காயில் மாறியது, வெப்பமானியின் முள் மெல்ல ஏறியது. அக்கா முட்டைகளுக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். உள்ளிருந்து கீச்கீச்சென்று சத்தம் கேட்கிறது என்று தலையாட்டினாள்.

மெக்கானிக் வெளியே வந்து வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்து, தலையைக் கண்ணாடியில் சாய்த்தான். வண்டி நகரவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்திருப்பது பக்கத்து இருக்கை என்று உறைத்தது. போனை எடுத்தான். வாசலில் சிக்னல் நன்றாகவே இருந்தது.

"மாப்ள, திரும்பி வர்ற வழி..."

"உங்களுக்குத் தெரியாது மாமா. அங்கேயே தூங்குங்க. காலைல மொத பஸ்ல வரேன்." பிறகு சொன்னான்: "வண்டி ஓட்ட யாராவது ஒருத்தன் வேணுமில்ல."

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்துக் காலியாக இருந்த ஓட்டுநர் இருக்கையில் வைத்தான்.