பதினான்காம் நாளுக்கான கட்டம்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி மருத்துவமனை. மலமிளக்கி மருந்து குடலுக்குள் போய் என்னதான் செய்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்கிற ஆய்வு அங்கே நடந்தது. ஓசூர்ப் பக்கத்துப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி படிவங்களைத் தமிழில் எழுதவும், அவர்களோடு வேனில் போய்வந்து பேச்சுக்குத் துணையாக இருக்கவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் போனேன். அதுவரை நான் எழுதிய கதைகளில் யாரும் கழிப்பறைக்குப் போனதில்லை. இருநூறு பக்க நாவல் ஒன்றில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்து முடித்தது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

படிவத்தை நிரப்பியவர்களில் ஒருத்தி வீரலட்சுமி. உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். பெயரை மாற்றச் சொன்னாள், மாற்றுப் பெயரையும் அவளே கொடுத்தாள். கம்பெனிக்குப் பெயரே வைக்கக் கூடாது என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள்:

"நான் அழுத மாதிரி மட்டும் எழுதிராதீங்க எக்கா."

2

தொடக்கங்கள்.

ஒன்று: "ஓசூரின் அதிகாலைப் பனியைக் கிழித்துக்கொண்டு கம்பெனிப் பேருந்துகள் ஒவ்வொன்றாக—"

வேண்டாம். பனியில் ஏறினால் பிறகு கதை முடியும் வரை கீழே இறங்க முடியாது.

இரண்டு: "சானமாவுக் காட்டிலிருந்து இறங்கிய ஒற்றை யானை ராயக்கோட்டை சாலையோரம் நின்று, யாரைப் பற்றியும் கவலையில்லாமல்—"

(ஓசூர்க் கதை என்றால் யானை எப்படியாவது உள்ளே நுழைந்துவிடும். விரட்டிவிட்டேன். ஆனால் அந்த யானை நின்ற இடத்தில் நின்றபடியே காரியத்தை முடித்துக்கொண்டது, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்.)

மூன்று: "ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள்."

இதை வைத்துக்கொள்கிறேன். சொன்னவர் யாரோ, அவர் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்தவர் இல்லை. வீரலட்சுமி நிற்கிற இடத்தில் இரண்டையும் அடக்க வேண்டும். பழமொழி கூச்சப்பட்டு விட்டுவிட்ட மூன்றாவதையும் அடக்க வேண்டும்.

3

வீரலட்சுமிக்கு முப்பத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி, கணவன் சுடலைமுத்துவோடு ஓசூருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவன் ஒரு வார்ப்பட ஆலையில். அவள் காருக்கான வயர்க் கற்றைகள் கட்டுகிற கம்பெனியில். ஓடுகிற கன்வேயர் பட்டையின் மேல் பலகைகள் நகர்ந்து வரும். ஒவ்வொருத்தியும் தன் பங்கு வயர்களைச் சொருகி, டேப் சுற்றி, அடுத்தவளுக்கு விட வேண்டும். பலகை யாருக்காகவும் நிற்காது.

ஒருத்தி நகர வேண்டுமானால் அந்த இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்கென்றே ஊத்தங்கரைப் பெண் லாவண்யா இருக்கிறாள். இருபத்தெட்டுப் பேருக்கு ஒரு லாவண்யா. தூணில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு சிவப்பு அட்டை. போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவாள். கொக்கி காலியாக இருந்தால் காத்திருக்க வேண்டும். ஒன்றுக்கா இரண்டுக்கா என்று அட்டை கேட்காது. சூப்பர்வைசரின் கடிகாரம் கேட்கும். நாலு நிமிடம் தாண்டினால் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

(சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுத இரண்டு முறை முயன்றேன், வரவில்லை. அவரும் மதியம்வரை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறார்.)

பக்கத்தில் நிற்பவள் கையை எட்டிப் போட்டால் ஒரு ஐந்து பலகைக்கு இரண்டு பேர் வேலையையும் பார்த்துவிடலாம். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. ஒருமுறை செய்து காட்டினால் அடுத்த மாதம் அந்த இடத்துக்கு ஒரே ஆள் போதும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டிலும் லேசுப்பட்ட பாடு இல்லை. ஐந்து போர்ஷனுக்கு ஒரு கழிப்பறை, ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். வந்து வந்து திரும்பிப் போகிற விருந்தாளி ஒருநாள் வருவதையே நிறுத்திக்கொள்வான் அல்லவா, அவள் உடம்பும் அப்படித்தான் ஆகிப்போனது. நான்கு நாள், ஐந்து நாள். மாமியார் உடம்புச் சூடு என்றாள். பக்கத்து போர்ஷன் ரங்கம்மா தண்ணீர் போதாது என்றாள். சுடலைமுத்து கீரை வாங்கி வந்தான், பப்பாளி வாங்கி வந்தான், கடைசியில் மெடிக்கலில் இளஞ்சிவப்பு மாத்திரை வாங்கி வந்தான். நான்கு வருடமாக அந்த மாத்திரைதான். யார் யோசனை சொன்னாலும் குற்றம் அவள் உடம்பில் வந்து முடிந்தது, அவளும் அதை நம்பினாள். அவளுடைய அம்மா குடலில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தவள். அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். தனக்கும் உள்ளே ஏதோ இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் வீரலட்சுமி ஆய்வுக்குப் பெயர் கொடுத்தாள்.

4

இனி கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் ஐந்துக்குத் தாவலாம், ஆனால் தாவினால் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

மலமிளக்கி சாப்பிட்டவரிடம் "போச்சா?" என்று கேட்பதுதான் உலக வழக்கம். உள்ளே நடந்தது யாருக்கும் தெரியாது. இந்த எம்.ஆர்.ஐ. படத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். சில மருந்து குடலைப் பிடித்துப் பிசைந்து தள்ளும். இளஞ்சிவப்பு மாத்திரை அந்த ரகம். சில மருந்து தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு கடைசிவரை நடந்து, எல்லாவற்றையும் இளக்கும். ஆய்வில் கொடுத்த பவுடர் அந்த ரகம். மாத்திரையை நிறுத்திவிட்டு, பதினான்கு நாள் காலையில் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். முதல் நாள் ஒரு படம், பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு படம். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஐந்து சிறு குளிகைகளை விழுங்க வேண்டும். அவை எவ்வளவு தூரம் பயணம் போயிருக்கின்றன என்பதும் படத்தில் தெரியும்.

படம் எடுக்கும்போது குழாய்க்குள் படுத்துக்கொண்டு, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்க வேண்டும். பாதிப் பேருக்கு முடியாது, படம் கலங்கிவிடும். வீரலட்சுமியின் படங்கள் ஒன்றுகூடக் கலங்கவில்லை. ஆய்வு டாக்டர் ரூபா, கன்னடக்காரர், ஆச்சரியப்பட்டு எப்படி இவ்வளவு நன்றாக அடக்குகிறாய் என்று கேட்டார். அவள் சிரித்தாள்.

5

இதற்கிடையில் அவள் ஒரு தவறு செய்திருந்தாள். நான் அதை அவளுடைய தவறு என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

பதினான்கு நாளுக்குப் பதினான்கு கட்டம். தினமும் போனீர்களா, எப்படிப் போனீர்கள் என்று நிரப்ப வேண்டும். கம்பெனியில் ஒவ்வொருத்திக்கும் ஒரு செக்‌ஷீட் உண்டு. கருவி சரியா, டேப் சரியா, பலகை சரியா என்று நாள் நாளாகக் கட்டம் கட்டமாக. அங்கே காலிக் கட்டம் என்றால் அதுவே குற்றம். ஆடிட் வருகிறவர் முதலில் அதைத்தான் தேடுவார். அதனால் கெட்டிக்காரிகள் திங்கட்கிழமையே வாரம் முழுக்க 'சரி' போட்டுவிடுவார்கள். எல்லாம் ஒரே நாளில் எழுதியதாகத் தெரியக் கூடாது என்று ஒரு நாளுக்கு நீலப் பேனா, ஒரு நாளுக்குக் கறுப்புப் பேனா. வீரலட்சுமி கெட்டிக்காரி. ஆய்வுப் படிவத்தையும் அப்படியே நிரப்பினாள். நீலம், கறுப்பு, நீலம். பதினான்கு நாளும் போயிற்று, நன்றாகப் போயிற்று.

ஏமாற்ற நினைக்கவில்லை. பொறுப்பான வேலைக்காரி படிவத்தைக் காலியாக விடமாட்டாள், அவ்வளவுதான்.

6

ஞாயிற்றுக்கிழமை. ரூபா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வைத்தார். முதல் படத்தில் குடல் கறுத்து, அங்கங்கே முடிச்சுப் போட்ட கயிறு. இரண்டாவதில் வெள்ளை. வெள்ளை வழிநெடுக நிறைந்து, கடைசித் திருப்பம்வரை வந்து நின்றது. அங்கே ஐந்து குளிகைகளும், மூன்று நாள் மலமும் ஒன்றாகக் கிடந்தன.

ரூபாவுக்குக் கோபமில்லை, குழப்பம். தினமும் போனதாகப் படிவம் சொல்கிறது, படம் இல்லை என்கிறதே என்று கேட்டார். வீரலட்சுமி படிவத்தைப் பார்க்கவேயில்லை.

"உள்ள கட்டி கிட்டி ஏதும் இருக்கா மேடம்?"

இது அதற்கான பரிசோதனை இல்லை என்றார் ரூபா. ஆனாலும் படம் பார்க்கிற டாக்டர் பார்த்துவிட்டார், இதில் அப்படி எதுவும் இல்லை; பயம் தீரவில்லையென்றால் அதற்கென்று தனியாகப் பார்த்துவிடலாம். பிறகு திரையில் விரல் வைத்துச் சொன்னார்:

"குடல் நல்லா வேலை மாடுது. மருந்தும் வேலை செஞ்சிருக்கு. எல்லாம் வாசல் வரைக்கும் வந்து நிக்குது பாருங்க. அப்புறம் ஏன் வரல?"

வீரலட்சுமி திரையில் அந்த இடத்தைத் தொட்டாள்.

"அது வந்துச்சு மேடம். நாந்தான் போவல. கொக்கில அட்டை இல்ல."

ரூபாவுக்குப் புரியவில்லை. நான் கொக்கியை, அட்டையை, இருபத்தெட்டுப் பேரை எல்லாம் விளக்கி முடிக்கும்வரை வீரலட்சுமி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு வருடமாகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற உடம்பு அது. வேனில் திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டியதும் சொன்னாள்:

"அது பாவம், அதுபாட்டுக்கு வேலையப் பாத்துருக்கு. அதப் போயி இத்தன வருசமா ஏசிட்டு இருந்திருக்கேன் எக்கா."

எனக்குத்தான் அழுகை வந்தது. என்னைப் பற்றி அவள் நிபந்தனை எதுவும் போடவில்லை.

7

ரூபா அவளிடம் புதிய படிவம் ஒன்று கொடுத்திருந்தார். ஞாபகம் இருக்கிற உண்மையை எழுதிக் கொடு, குறிப்போடு சேர்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் உன்னை ஆய்விலிருந்து எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை என்றார்.

எழுதுவதில் ஒரு சங்கடம் இருந்தது. ஆய்வுக்குப் பெண்களைச் சேர்த்தது கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில். முடிந்ததும் சுருக்க அறிக்கை ஒன்று கம்பெனிக்குப் போகும். பெயர் இருக்காது என்று ரூபா சத்தியம் செய்தார். ஆனால் அந்த லைனிலிருந்து ஆய்வுக்குப் போனவள் ஒருத்திதான், 'அட்டை' என்ற சொல்லைப் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடும். அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். எழுதினால் வேலை போகலாம். எழுதாவிட்டால் உடம்பின் மேல் விழுந்த பழி அப்படியே இருக்கும். இப்போது அந்தப் பழி பொய் என்று அவளுக்குத் தெரியும்.

(நான் எழுதிய படிவத்தில் 'வந்தது, போகவில்லை' என்று ஒரு கட்டம் கிடையாது. எனக்குத் தோன்றவேயில்லை. என் எழுத்து மேசையிலிருந்து கழிப்பறை பத்தடி.)

ஓசூர் பஸ் நிலையத்தருகே டீக்கடையில் உட்கார்ந்து, அவள் படிவத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தானே பதினான்கு கட்டம் போட்டாள். ஒவ்வொரு நாளாக யோசித்து எழுதினாள். ஒன்பது கட்டத்தில் ஒரே வாசகம்: வந்தது, அட்டை இல்லை. பதின்மூன்றை முடித்ததும் பழக்கதோஷத்தில் பேனா பதினான்குக்குப் போனது. அங்கே நின்றது.

"நாளைக்கு உள்ளது இன்னும் நடக்கலல்லா," என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நாளை மாலை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். பின்பக்கத்தோடு தருவாளா, முன்பக்கத்தை மட்டும் நிரப்பித் தருவாளா என்று நான் கேட்கவில்லை.

8

முடிவுகள்.

அ. அறிக்கையைப் படித்த மேலாளர் மனம் உருகி இரண்டாவது லாவண்யாவை நியமிக்கிறார். கொக்கிகள் இரண்டாகின்றன. (கம்பெனி ஆண்டு விழாவில் நாடகமாகப் போடலாம். நீலப் பேனா.)

ஆ. வீரலட்சுமியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பெட்டியோடு பஸ் நிலையத்தில், சங்கரன்கோவில் பக்கம் போகும் பஸ்ஸுக்காக அவள் கண்களில்— (நிபந்தனை. கறுப்புப் பேனா.)

இ. அவள் எதுவும் எழுதாமல்—

பார்த்தீர்களா, நான் செய்துகொண்டிருப்பதும் அதே வேலைதான். இன்னும் நடக்காத நாளின் கட்டத்தை முன்கூட்டியே நிரப்பி, வேறு வேறு நாளில் எழுதியதாகத் தெரிவதற்கு மை மாற்றிக்கொண்டிருக்கிறேன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்கும் ஆடிட் பயம். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டவள் அவள். அதை நான் நிரப்பினால் அது களவு.

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இன்று திங்கட்கிழமை, பதினான்காம் நாள். காலையில் அவள் பவுடரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினாள். அவளுக்கு வந்தால் எப்போதும் பத்து நாற்பதுக்குத்தான் வரும். அந்த நேரத்தில் கொக்கி பெரும்பாலும் காலியாக இருக்கும். நேற்று டீக்கடையிலிருந்து எழும்போது ஒன்று சொன்னாள், அதைக் கடைசியில்தான் எழுத வேண்டும் என்று இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தேன்:

"நாளைக்கு வந்துச்சுன்னா நான் போயிருவேன் எக்கா. அட்டை இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

இரண்டு பேனாவையும் மூடிவிட்டேன். என் சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து முப்பத்தெட்டு.

நீங்கள் அவளுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறீர்கள். கையை எட்டிப் போட்டால் ஐந்து பலகைக்குத் தாங்கும். போட்டால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள். பலகை வந்துகொண்டிருக்கிறது.