குளியலறைத் தளம்

டைல்ஸ்காரர் விடிந்ததும் விடியாததுமாகச் சாராயத்தை ஊற்றிக்கொண்டு வந்து பாயில் குப்புற விழுந்துவிட்டார். குளியலறைத் தளம் இன்றைக்குள் முடியாவிட்டால் வேறு ஆளை வைத்துவிடுவதாக மேஸ்திரி கறாராகச் சொல்லியிருந்தார். இந்த வேலையும் போனால் அப்புறம் கூப்பிட நாதியில்லை. அது அவர் மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னைக்கும் காய்ச்சல்னு சொல்லிடலாமாம்மா?" என்றாள் மகள்.

"உங்கப்பாவுக்கு வந்த காய்ச்சலுக்கு இந்நேரம் ஊரே படுத்திருக்கணும். மட்டம் பாக்க ரசமட்டத்தை எடுடி, நாம போவோம்."

யாரும் அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் தள்ளாடித் தள்ளாடி ஒட்டியதையெல்லாம் கலவை இறுகுவதற்குள் பெயர்த்து, இரண்டு பேருமாகத் திரும்ப ஒட்டியே கை பழகியது. எங்கே கோணும், எங்கே தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. வெளியே மூச்சு விட்டதில்லை. பேரெல்லாம் அவருக்கே போனது.

அன்று முழுக்க முட்டி போட்டே ஒட்டினார்கள். மகள் ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டிக் கேட்டாள். அடியில் கலவை பிடிக்காமல் பொள்ளலாகச் சத்தம் வந்த இரண்டை முகம் சுளிக்காமல் பெயர்த்துப் போட்டாள்.

மறுநாள் மேஸ்திரி வந்து ஒரு வாளித் தண்ணீரை மூலையில் கவிழ்த்தார். தண்ணீர் கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றது. தாயும் மகளும் குனிந்து பார்த்தார்கள். பிறகு அது மெல்ல நகர்ந்து, நேராக வடிகால் ஓட்டைக்குள் இறங்கியது.

"ஆயிரம் சொல்லுங்க, அவன் கைவேலை கைவேலைதான். ஆள் எங்க, காய்ச்சலா?"

தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மனைவிக்கு ஆட்ட மனம் வரவில்லை.

"குடிச்சிட்டுப் படுத்திருக்காருண்ணே. இது நானும் என் மகளும் ஒட்டுனது. இதுக்கு முன்னாடி நீங்க பாராட்டினதும் அப்படித்தான்."

மேஸ்திரி தளத்தைப் பார்த்தார், மகளின் காய்ந்து வெடித்த விரல்களைப் பார்த்தார். "மேல்மாடியில ரெண்டு அறை பாக்கி இருக்கு. நாளைக்கு நீங்களே வந்துருங்கம்மா," என்றார். "ஆனா அந்தக் காய்ச்சலை மட்டும் கூட்டிட்டு வந்துராதீங்க."

வீட்டில் கணவர் எழுந்து சுவரில் சாய்ந்திருந்தார். "காய்ச்சல்னுதானே சொன்ன?"

"இல்ல. உள்ளதைச் சொல்லிட்டேன்."

"வேலை போச்சா?"

"எங்களுக்குக் கிடைச்சிருக்கு."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவள் கை கழுவிவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். குரலில் கோபம் இல்லை. முதுகு மட்டும் என்றுமில்லாமல் நிமிர்ந்திருந்தது.

"கலவை போட ஒரு ஆள் வேணும். குடிக்காம இருக்கிற அன்னைக்கு வாங்க. மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கிறேன்."