நாற்பத்தாறு பேர் இறந்த காலை

காலை எட்டரைக்கெல்லாம் ஓய்வுபெற்ற ஜெனரல் ஷுக்ரி தொலைபேசியில் வந்துவிட்டார். செத்துப்போன ஒருவர் இவ்வளவு சத்தமாகப் பேசி இன்ஷிராஹ் கேட்டதில்லை.

"ஏம்மா, நான் செத்ததை எனக்குச் சொல்லாம கெய்ரோ முழுக்கச் சொல்லியிருக்கீங்களே, இது அடுக்குமா? பைஜாமாவோட போய்க் கதவைத் திறக்கிறேன், என்கிட்ட வேலை பார்த்த கர்னல் கறுப்பு டை கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறான். என்னைப் பார்த்ததும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டான். கீழ்வீட்டு அம்மா சாவு வீட்டுக்குக் குடுக்கிற சர்க்கரை போடாத காப்பியை ஃப்ளாஸ்க் நிறையக் கொண்டுவந்துட்டா!"

"பாஷா, பெரிய தப்பு நடந்துபோச்சு. மன்னிக்கணும்."

"செத்தவன் எப்படிம்மா மன்னிப்பான்? சரி, செத்தேன்னே வெச்சுக்கோ. என் மச்சான் ரவ்ஃபுக்குக் கீழே போட்டிருக்கியே என்னை! அவன் யார் தெரியுமா? தபால் ஆபீஸ் குமாஸ்தா! முப்பத்தெட்டு வருஷம் பட்டாளத்துல இருந்தவன் நான்!"

சாவைக்கூடப் பொறுத்துக்கொள்வார், வரிசை மாறியதைப் பொறுக்கமாட்டார். இன்ஷிராஹுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இருபத்தாறு வருடமாக அந்தப் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பகுதியில் உட்கார்ந்திருப்பவள் அவள். ஒரு சாவுக்கு ஒரு பெயர் என்று எழுதுவது கஞ்சர்கள் வழக்கம். கௌரவமான குடும்பத்தில் ஒருவர் இறந்தால், அவர் யாருக்கு அப்பா, யாருக்கு மாமா, யாருக்குச் சம்பந்தி என்று முப்பது பேரின் பெயரும் பதவியோடு வரவேண்டும். பொறியாளர் முன்னாலும் கணக்காளர் பின்னாலும். ஒரு மருமகன் விட்டுப்போனால் அடுத்த பெருநாள்வரை பேச்சுவார்த்தை இருக்காது. வாசகர்களும் முதலில் பிரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். யார் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகவேண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் அரசியலுக்கு வருவார்கள்.

போன மாதம் பத்திரிகை காகிதத்தை நிறுத்தியது. பழைய சந்தாதாரர் எல்லாருக்கும் ஒரு வாசிப்புக் கருவி கொடுத்தார்கள். சின்னப் பலகைபோல இருக்கும், வெயிலில் வைத்துப் படித்தாலும் கண் கூசாது. அதில் மரண அறிவிப்புக்குப் புதிய வசதி வைத்தார்கள். "இன்று மறைந்தோர்" என்று அகரவரிசையில் ஒரு பட்டியல், பெயரைத் தொட்டால் அறிவிப்பு விரியும். தெரிந்த குடும்பத்தின் பெயரை முன்பே பதிந்து வைத்திருந்தால், அந்த வீட்டில் சாவு விழுந்ததும் கருவி மணி அடித்துச் சொல்லும்.

அதைச் செய்தவன் ஹாதிம், இருபத்தேழு வயது இன்ஜினியர். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவன். நல்ல பையன், ஆனால் மரண அறிவிப்பு ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை. "அறிவிப்புல இருக்கிற பேரையெல்லாம் பச்சையில குறிச்சிடுங்க மேடம், மீதியை இது பார்த்துக்கும்" என்று மட்டும் சொல்லியிருந்தான். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. ஒரு பெயர் விட்டால் குடும்பமே சண்டைக்கு வரும் என்று பழகிப்போன கை. ஒரு ஒன்றுவிட்ட கொழுந்தனைக்கூட விடாமல் பச்சை பூசினாள்.

அந்த வசதி தொடங்கிய முதல் நாள் இன்றுதான். மூன்று அறிவிப்பு வந்தது, அதாவது மூன்று சாவு. கருவியில் நாற்பத்தாறு பேர் இறந்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு வஜ்தி தன் அறைக்கு இருவரையும் கூப்பிட்டான். மின்பதிப்புக்குத் தலைவர் அவன்தான். முன்பு விளையாட்டுப் பக்கம் பார்த்தவன். எதைப் பேசினாலும் ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருப்பதுபோலப் பேசுவான்.

"தப்பு யார் மேல?"

"பச்சையில இருந்தா செத்தவங்கன்னு இது எடுத்துக்கும், உஸ்தாத். நான் 'எல்லாப் பேரும்'னுதான் சொல்லியிருந்தேன்" என்றான் ஹாதிம். சொன்ன பிறகு அவனுக்கே என்னவோபோல் ஆகியிருக்கவேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

"குறிச்சது நான்" என்றாள் இன்ஷிராஹ்.

வஜ்தி பேனாவை மேஜையில் தட்டினான். "மேடம், ஒளிக்காம சொல்றேன். உங்க பகுதியில நாலு பேர் இருந்தீங்க. மூணு பேரை அனுப்பியாச்சு. உங்களை இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கச் சொல்லித்தான் மேலிடத்து உத்தரவு. மத்த ரெண்டு குடும்பமும் சமாதானம் ஆயிடுச்சு. இந்த ஜெனரல் மட்டும் சேர்மனுக்கே புகார் எழுதியிருக்காரு. அவர் வாபஸ் வாங்கினா நீங்க இருப்பீங்க. இல்லேன்னா, உங்க பணிநீக்கக் கடிதம் என் டிராயர்லதான் இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது வருடம். இந்த வயதில் சாவு அறிவிப்பு எழுதத் தெரிந்த பெண்ணுக்கு வேறு எந்தக் கதவு திறக்கும்? அவள் பயந்துபோனாள். அதை மறைக்க நாற்காலியைச் சத்தமாக இழுத்துப்போட்டு எழுந்தாள்.

"ரெண்டு மணிக்குத் திருத்தம் போகணும்" என்று முதுகுக்குப் பின்னால் வஜ்தி சொன்னான்.

உயிரோடு இருந்த நாற்பத்துநான்கு பேருக்கும் தொலைபேசி செய்தாள். ஒரு பல் மருத்துவர் சிரித்துக்கொண்டே, "காலையில வரவேண்டிய கடன்காரங்க யாருமே வரலம்மா, ஒரு வாரம் இப்படியே விட்டுவைங்க" என்றார். ஒருவருடைய மாமியார் அழுது முடித்துவிட்டு, அவர் உயிரோடு வந்ததும் அழுததற்காக அவரையே திட்டினாளாம். ஜெனரல் ஷுக்ரியிடம் மூன்று தடவை பேசினாள். மூன்றாவது தடவை அவர் இறங்கி வந்தார்.

"சரி, புகாரை வாபஸ் வாங்கறேன். ஆனா திருத்தத்துல என் பேரு முதல்ல வரணும். ஜெனரல்னு போடணும். ஓய்வுன்னு போடவேண்டியதில்ல. ரவ்ஃப் கடைசி."

"அப்படியே செய்யறேன், பாஷா."

மனது லேசாகிவிட்டது. ஒரு டீ வரவழைத்தாள். டீ வருவதற்குள் மறுபடி மணி அடித்தது. பெண் குரல், அலெக்சாண்ட்ரியாவிலிருந்து.

"என் பேரு சமீஹா. ரிட்டயர்டு டீச்சர். காலையிலிருந்து இந்தக் கருவியில தேடிக்கிட்டே இருக்கேன்மா. சோஹாக்ல என் சிநேகிதி ஒருத்தி, மூணு நாளா போன் எடுக்கல. உடம்புக்கு முடியாம இருந்தா. ஏதாவது ஆயிருந்தா பேப்பர்ல வந்திருக்குமேன்னு பார்த்தேன். அவ பேர் இல்ல. அப்பாடான்னு இருந்தது. ஆனா அவ கொழுந்தன் செத்துட்டான்னு போட்டிருக்கு, அவ மகனுங்க ரெண்டு பேரும் செத்துட்டாங்கன்னு போட்டிருக்கு. வீட்டோட எல்லாரும் ஒரே நாள்ல எப்படிம்மா சாவாங்க?"

"கொழுந்தன் பேரு?"

"ஷுக்ரி. பட்டாளத்துல பெரிய ஆளு."

இன்ஷிராஹ் திரையில் ஜெனரல் அனுப்பிய அறிவிப்பைத் திறந்தாள். அதுவரை அதை எத்தனையோ தடவை பார்த்தவள்தான். இப்போதுதான் படித்தாள். "சோஹாக் ஹாஜி அப்துல் மவ்ஜூத் அவர்களின் மனைவியார் இறைவன் கருணையை அடைந்தார். அன்னார் பொறியாளர் ஹிஷாம், மருத்துவர் அஷ்ரஃப் ஆகியோரின் தாயார், ஜெனரல் ஷுக்ரியின் அண்ணியார்…" இப்படியே கீழே வரை பத்தொன்பது ஆண்கள். அவள் ஒருத்தர் விடாமல் பச்சை பூசிய பத்தொன்பது பேரும் உயிரோடிருந்தார்கள். உண்மையில் இறந்துபோனவளுக்கு மட்டும் அங்கே பெயர் இல்லை, அந்த நாற்பத்தாறிலும் இல்லை.

"உங்க சிநேகிதி பேரு என்னம்மா?"

"வஃபிய்யா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு அப்லா வஃபிய்யா, எங்க பக்கம் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவாங்க. முப்பத்தொரு வருஷம் ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். அவளுக்கு ஒண்ணும் இல்லையே?"

இன்ஷிராஹ் எத்தனையோ சாவை எழுதியிருக்கிறாள், ஒன்றையும் வாயால் சொன்னதில்லை. சொன்னாள். மறுமுனையில் அந்த அம்மாள் வெகுநேரம் அழுதாள். நடுவில், "என்கிட்டக்கூட யாருமே சொல்லலியே" என்றாள். இன்ஷிராஹ் தொலைபேசியை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். டீ ஆறிப்போயிற்று.

ஒன்றரைக்குத் திருத்தத்தைத் தட்டச்சு செய்து முடித்தாள். ஜெனரல் முதலில், ரவ்ஃப் கடைசியில். ஹாதிம் அவசர அவசரமாக மாற்றியமைத்த படிவத்தில் இப்போது இறந்தவருக்கு ஒரு பெட்டி, உறவினருக்கு வேறு பெட்டி. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். படிவம் நகரவில்லை. இறந்தவர் பெட்டி காலியாக இருந்தது.

"பேர் இல்லாம வாங்காது மேடம்" என்றான் ஹாதிம்.

அவள் ஜெனரலைக் கூப்பிட்டு, அண்ணியின் பெயரைப் போடலாமா என்று கேட்டாள்.

"அதெல்லாம் முடியாது" என்றார் அவர், இந்த முறை கத்தாமல். "எங்க குடும்பத்துப் பொம்பளைங்க பேரு இதுவரைக்கும் பேப்பர்ல வந்ததில்ல. எங்கம்மா பேரே வரல. பேர் வந்துச்சுன்னா புகார் அப்படியே நிக்கும், பார்த்துக்கோ."

ஹாதிம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "கவலைய விடுங்க மேடம். பெட்டியில 'மனைவியார்'னு அடிச்சிடுங்க. எழுத்து இருந்தாப் போதும், இது வாங்கிக்கும். இதுக்கு என்ன தெரியும்?"

அது உண்மைதான். ஒரு சொல்லை அடித்து விட்டால் எல்லாம் முடிந்தது. வேலையும் மிஞ்சும், ஒன்பது வருடமும் ஓடிவிடும். அவள் 'மனைவியார்' என்று அடித்தாள். அடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா இறந்தபோது அறிவிப்பை எழுதியது இன்ஷிராஹ்தான், இதே மேஜையில். அப்பா பெயர் வந்தது, நான்கு அண்ணன்மார் பெயரும் வந்தது, நான்காவது அண்ணனின் மாமனார் பெயர்கூட வந்தது. அம்மா பெயரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதவேண்டும் என்று அவளுக்கே தோன்றவில்லை. இன்றுவரை அதைப் பற்றி நினைத்ததும் இல்லை. இப்போது நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜெனரலைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று இருந்தது.

'மனைவியார்' என்பதை அழித்தாள். வஃபிய்யா என்று அடித்தாள். ஹாதிம் "மேடம்!" என்பதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள். சோஹாக் முழுவதும், அலெக்சாண்ட்ரியாவிலும்கூட, கருவிகள் மணி அடித்தன.

ஜெனரல் அவளைக் கூப்பிடவில்லை. நேரே சேர்மனைக் கூப்பிட்டார். மூன்று மணிக்கு வஜ்தி அவளை உட்காரச் சொன்னான். டிராயரிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான்.

"ஏன் மேடம்? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தா போதுமே."

"போட்டுப் பார்த்தேன் உஸ்தாத். மனசு வரல."

"மனசை வெச்சுக்கிட்டு நான் மேல என்ன பதில் சொல்ல?"

வஜ்தி கெட்டவன் அல்ல. பேனாவைக் கையில் எடுத்தும் மூடியைத் திறக்காமல் வைத்திருந்தான். அப்போது ஹாதிம் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான். "மேடம், உங்களுக்குப் போன். சோஹாக்லேர்ந்து. ஹாஜி அப்துல் மவ்ஜூத்துன்னு சொல்றாரு." அவள் தன் இடத்தில் விட்டுவந்த கைப்பேசியை மேஜையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டான்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல்தான். ஆனால் இவர் ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைத்துப் பேசினார்.

"என் சம்சாரம் பேரைப் போட்டது யாரு?"

"நான்தான் ஹாஜி. இன்ஷிராஹ். தப்பா இருந்தா…"

"பேசாம கேளும்மா. காலையில துக்கப் பந்தல்ல நூறு நாற்காலி போட்டேன். வந்தவங்க பாதிப்பேரு கெய்ரோவில இருக்கிற என் தம்பி செத்துட்டான்னு நினைச்சு வந்தாங்க. அவன் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சதும் சந்தோஷமா எழுந்து போயிட்டாங்க. நானும் என் பிள்ளைங்களும்தான் உட்கார்ந்திருந்தோம். ரெண்டு மணிக்கு மேல பார்த்தா, தெரு முனை வரைக்கும் ஆளு. எல்லாம் அவகிட்டப் படிச்ச பிள்ளைங்க. நரைச்சவன் எல்லாம் 'அப்லா, அப்லா'ன்னு அழறான். 'செத்தது ஹாஜி சம்சாரம்னாங்க, எங்க அப்லான்னு தெரியாது. பேரைப் பார்த்துட்டு ஓடி வந்தோம்'ங்கிறாங்க. நாற்காலி பத்தல."

வஜ்தி பேனாவைக் கீழே வைத்தான்.

"ஷுக்ரி ஏதோ புகார் குடுத்திருக்கானாம். அவன் எனக்குப் பதினெட்டு வயசு இளையவன். அவனுக்கு அலிஃப் எழுதச் சொல்லிக்குடுத்தவளே அவதான். நான் பேசிக்கறேன்."

"நன்றி ஹாஜி" என்றாள் இன்ஷிராஹ்.

"இரு, நான் கூப்பிட்டது அதுக்கில்ல. என் தம்பிக்கு ஜெனரல்னு போட்டிருக்கே. ஹிஷாமுக்குப் பொறியாளர், அஷ்ரஃபுக்கு மருத்துவர். தபால் ஆபீஸ் ரவ்ஃபுக்குக்கூட ஏதோ போட்டிருக்கே. இவ பன்னிரண்டு வருஷம் தலைமை ஆசிரியை. இவளுக்கு மட்டும் வெறும் பேரா? உனக்கே நல்லா இருக்கா?"

"இல்ல ஹாஜி" என்றாள் அவள். "இப்பவே மாத்தறேன்."

வஜ்தி கடிதத்தை மறுபடி டிராயருக்குள் வைத்தான். கிழித்துப் போடவில்லை. அவ்வளவு தூரம் அவன் போகமாட்டான். இன்ஷிராஹ் தன் இடத்துக்கு வந்து அறிவிப்பைத் திறந்தாள். பெயருக்கு முன்னால் 'தலைமை ஆசிரியை' என்று அடித்தபோது பெட்டியில் இடம் பற்றவில்லை, கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டன. ஹாதிம் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கொஞ்சம் தள்ளுங்க மேடம்" என்று சொல்லி, பெட்டியை அகலமாக்கினான்.