எலும்பு மிஷின் எண்ணெய்

அத்தாவைச் சுமந்து வந்த சந்தூக்குப் பெட்டியைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கி வைத்ததும், தொழுகை நடத்தும் அசரத் திரும்பி ஜலீலைப் பார்த்தார். தொழுகைக்கு முன்னால், இறந்தவருக்காக மகன் ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுதான் வழக்கம்.

எல்லாம் அத்தா தாவூத் செய்து வைத்த வேலை.

தாவூத் கிளென்மார்கன் எஸ்டேட் ஆஸ்பத்திரி அட்டெண்டர். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருசம் பழைய எக்ஸ்ரே மிஷினைக் கழித்துக் கட்டினார்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளிக்கும், ஈயத் தகட்டை உருக்கினால் புகையே விஷம், எல்லாவற்றையும் குழியில் போட்டுச் சிமெண்டால் மூடு என்று டாக்டர் துரை கண்டிப்பாகச் சொன்னார். தாவூத் மூடினார்.

தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வேறு பேச்சு. எலும்பையே காட்டுகிற மிஷினின் எண்ணெய் எலும்பு வலியைப் போக்காதா? ஆளாளுக்குப் புட்டியோடு வந்து நின்றார்கள். இல்லையென்று சொன்னால் குழியைத் தோண்டிவிடுவார்கள். தாவூத் ஒவ்வொருவரையும் மூலைக்கு அழைத்து, "உங்களுக்கு மட்டுந்தான்" என்று கண்ணடித்து, நல்லெண்ணெயில் நீலகிரித் தைலம் கலந்து கொடுத்தார்.

நேற்று மூச்சு வாங்கிக்கொண்டே மகனிடம் சொன்னார்: "மன்னிப்பு வாங்காம என்னைய அடக்கிராத. ஆனா உண்மையச் சொல்லிராத, மிஷின் குழியத் தோண்டிப் போடுவாங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இரண்டையும் எப்படிச் செய்வது? ஜலீல் தொண்டையைச் செருமினான்.

"அத்தா உங்க எல்லார்கிட்டயும் ஒரு பொய் சொல்லிருக்காருங்க. என்ன பொய்யின்னு மட்டும் கேக்காதீங்க. மன்னிச்சிருங்க."

மதிலோரம் நின்ற எஸ்டேட் ஆட்களிலிருந்து கொத்தனார் சங்கிலியின் குரல் வந்தது.

"ஏனுங்க, அந்த எண்ணெய் விசயந்தானுங்களே?"

"தெரியுமாங்க?"

"மலையில கெடந்துட்டுத் தைல வாசம் தெரியாதுங்களா? மொத நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்கு இத்தன நாளா வந்து வாங்குனீங்க?"

"அந்தத் தைலத்துக்கே வலி கேட்டுச்சுங்க. அதுவுமில்லாம அந்தக் கண்ணடிப்பு இருக்குதுங்களே! அதுக்கே வரலாமுங்க."

"எனக்கு மட்டுந்தான்னாரே!" என்றது ஒரு குரல்.

"எனக்குந்தான்!"

சிரிப்பு மதிலைத் தாண்டி முற்றத்துக்குள் வந்துவிட்டது. அசரத் தாடியைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒரு புட்டி இருந்தது.

ஜலீலுக்கு ஒன்றுதான் பாக்கி. "அந்தக் குழிய யாரும்..."

"தன் ஊட்டு எண்ணெயக் கலக்கிக் குடுக்கறாருன்னா, உள்ள கெடக்கறது பொல்லாததுன்னு புரியாதுங்களா?" என்றான் சங்கிலி. "போன மழைக்கு மூடி வெடிச்சுப் போச்சு. நாந்தான் சிமெண்டு பூசுனேன். அவருகிட்டச் சொல்லலீங்க. சொன்னா நாடகத்த நிறுத்திருப்பாரு."

அசரத் கையை உயர்த்தினார். "மன்னிச்சாச்சா?"

"மன்னிச்சாச்சு!"

தொழுகை முடிந்தது. அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போகும் ஏற்றத்தில் தோள் மாற்ற ஆட்கள் முந்திக்கொண்டு வந்தார்கள். ஜலீலுக்குப் பக்கத்துத் தோள் சங்கிலியுடையது. அத்தாவின் மையித்துக்குப் பூசிய அத்தர் எங்கே போயிற்றோ, வழி நெடுக நீலகிரித் தைலம்தான் மணத்தது.