பெயின்ட்டுக்கு அடியில் இருந்த எண்

முன்சீட்டைப் பின்னால் தள்ளி, தரைவிரிப்பைப் புரட்டிப்போட்டு, தின்னரில் நனைத்த துணியால் அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாகனப் பரிசோதனை மையத்தின் முற்றம் அது. கொழுந்தன் காரின் கதவைப் பிடித்தபடி தவித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, போதும் வாங்க. அண்ணன் அங்க பெட்டியில படுத்திருக்காரு. மத்தியானம் எடுக்கணும். பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது தம்பி. அந்த டார்ச்சை இப்படிக் காட்டுங்க."

அவளும் கணவரும் நாடு மாறி வந்தபோது கூடவே கப்பலேறி வந்த கார். பழைய நாட்டில் வாங்கும்போதே அவள் பெயரில் எழுதிவிட்டார் அவர். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற மனுஷன், சும்மா இருப்பாரா? "உப்புக்காத்து பட்டா வண்டி சல்லடை ஆயிடும்" என்று, கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் தரைத்தகடு முழுக்கத் துருப்பிடிக்காத கறுப்பை அப்பு அப்பென்று அப்பிவிட்டார். வண்டி தப்பியது. தகட்டில் பொறித்திருந்த சேசிஸ் எண்தான் மறைந்துபோனது! எண் தெரியாத வண்டியை எந்த நாட்டில் பதிவு செய்வார்கள்? முதல் முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை சுரண்டப் போனார். கீறல் விழுந்தால் எண்ணைத் திருத்தியதாகிவிடும் என்று தடுத்துவிட்டார்கள்.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா போச்சுடி" என்று சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். ஆனால் சாப்பிடவில்லை. பரிசோதகர் கண்முன்னாலேயே தின்னரால் கரைத்துக்காட்டுவதாகச் சொல்லி இன்றைக்கு நாள் வாங்கியிருந்தார். தற்காலிக அனுமதியும் இன்றோடு முடிகிறது. விட்டால் வண்டியை நொறுக்கப் போட்டுவிடுவார்கள். முந்தாநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவேயில்லை.

"அண்ணனே போயிட்டாரு. வண்டி போனா போகட்டும் அண்ணி."

"தோத்துட்டுப் போனாருன்னு இருக்கக் கூடாது தம்பி." தேய்த்த கை நிற்கவில்லை.

கறுப்பு இளகியது. ஓர் எழுத்தின் கால் தெரிந்தது. பிறகு ஒரு வளைவு. கொழுந்தன் தன்னையறியாமல் குனிந்தான்.

"அண்ணி, எட்டு! எட்டு மாதிரி இருக்கு!"

அடுத்த துணியை அவனே நனைத்துக் கொடுத்தான்.

பரிசோதகர் மண்டியிட்டு, கையிலிருந்த காகிதத்தோடு ஒப்பிட்டார். கடைசி இலக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்படி என்னதான் பார்க்கிறாரோ, பாழாய்ப்போன மனுஷன்!

"ஒரு கீறல்கூட இல்லம்மா," என்றார் எழுந்து. "பாஸ்."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தியே விட்டாள். "ஜெயிச்சுட்டாருய்யா!" முற்றமே திரும்பிப் பார்த்தது. கொழுந்தன் மூக்கை உறிஞ்சியபடி அங்கேயே கொடுத்த புது நம்பர் பிளேட்டைத் தன் கையாலேயே முடுக்கினான்.

மத்தியானம், பெட்டி ஏற்றிய வண்டிக்குப் பின்னால் அவளே ஓட்டிப்போனாள். கொழுந்தன் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். முன்னால் அவள் பக்கத்தில், அண்ணன் இடத்தில் உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. இந்த நாட்டுக் கார்களில் ஸ்டியரிங் எந்தப் பக்கமோ, இந்தக் காரில் அந்தப் பக்கம் வெறும் இருக்கைதான்.

நாற்சந்தியில் பக்கத்துச் சாலையிலிருந்து வந்த லாரிக்காரர் வண்டியை நிறுத்தி வழிவிட்டார். ஓட்டுபவர் அங்கேதான் இருப்பார் என்ற பழக்கத்தில், அந்தக் காலி இருக்கையைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

அவள் மெல்ல ஒருதரம் ஹாரன் அடித்துவிட்டுக் கடந்தாள்.